லோகன் ஏர் ரூட் மேப்: பஸ்ஸுக்கு டைம் போட்டவன் பார்வையில்

31 வருஷம் மதுரையில் பஸ்ஸுக்கு டைம் போட்டவன் நான். வண்டி ஓட்டியதில்லை, டிக்கெட் கிழித்ததில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு மாட்டுத்தாவணியை விட்டுக் கிளம்பணும், எது எந்த ஊரில் நைட் ஹால்ட் போடணும், எந்த ரூட்டில் ஒரு சிங்கிள் டிரிப்பைக் குறைக்கணும் என்று பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்திருந்த ஆள். மகள் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், போன ஜூனில் நானும் வீட்டுக்காரியும் அங்கே போய் இரண்டு மாதம் இருந்தோம். ஒரு நாள் ராத்திரி (ராத்திரி என்று பெயர்தான், பத்தரை மணிக்கும் வெளிச்சம்) மருமகன் லேப்டாப்பைத் திறந்து லோகன் ஏர் என்கிற விமானக் கம்பெனியின் ரூட் மேப்பைக் காட்டினார். அவர் கோட்டை, கடற்கரை என்று சொல்லிக்கொண்டே போக, நான் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "மாமா, எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க, புக் பண்ணிருவோம்" என்றார். "இந்தக் கோடெல்லாம் ராத்திரி எங்க போய் அடையுதுன்னு முதல்ல சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மகள் உள்ளேயிருந்து, "அப்பாவுக்கு ரிட்டயர்டு ஆனதே மறந்து போச்சு" என்று சத்தம் கொடுத்தாள்.

சரி, மேப்புக்கு வருவோம். முதல் பார்வைக்கு அது நம்ம மாட்டுத்தாவணி சார்ட் மாதிரியேதான் இருக்கிறது. கிளாஸ்கோதான் பெரிய பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து மேற்கே ஸ்டோர்னோவே, பென்பெகுலா, பாரா, டைரீ, ஐலா, கேம்பல்டவுன் என்று தீவுக்கும் கடலோரத்துக்கும் கோடுகள் பிரிகின்றன. கிழக்கே அபர்டீன், வடக்கே இன்வெர்னஸ் இரண்டும் ஆரப்பாளையம், பெரியார் மாதிரி. அங்கிருந்து ஆர்க்னித் தீவுகளின் கிர்க்வாலுக்கும் ஷெட்லாந்தின் சம்பரோவுக்கும் வண்டி உண்டு. இங்கிலாந்துப் பக்கமும் ஐல் ஆஃப் மேன், டெர்ரி பக்கமும் இறங்குகிற கோடுகள் நம்ம சென்னை, பெங்களூர் வண்டி மாதிரி, கலெக்ஷனுக்காக ஓடுபவை. அவை சீசனுக்கு ஒன்று கூடும், ஒன்று குறையும். அதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. என் கண் போனது மேப்பின் மேல் மூலையில், கிர்க்வாலைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆறு குட்டிக் கோடுகள்: ஈடே, ஸ்ட்ரான்சே, சாண்டே, நார்த் ரொனால்ட்சே, வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே. டவுன் பஸ்! விமானத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறார்கள்.

கம்பெனியின் பூர்வீகமும் சுவாரஸ்யம்தான். 1962ல் வில்லி லோகன் என்கிற கட்டட கான்ட்ராக்டர் தன் கம்பெனி வேலைக்கு வைத்துக்கொண்ட ஏர் டாக்ஸிதான் ஆரம்பம். 1967ல் ஆர்க்னித் தீவுகளுக்குள்ளே ஓட்ட ஆரம்பித்தார்கள், அதே வருஷம் தொடங்கி 2006 வரைக்கும் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வரும் ஏர் ஆம்புலன்ஸும் இவர்கள் கையில்தான் இருந்தது. நடுவில் 1994லிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயர், 2008லிருந்து ஃப்ளைபீ என்கிற இன்னொரு விமானக் கம்பெனியின் பெயர். வண்டி ஒருத்தருடையது, போர்டு இன்னொருத்தருடையது, நம்ம ஊரில் ஆம்னி பஸ்காரர்கள் பண்ணுவது மாதிரி. 2017 செப்டம்பரில்தான் சொந்தப் பெயரில் கிளம்பினார்கள். வால் பகுதியில் ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட துணி டிசைன், தூரத்திலிருந்து பார்த்தால் கைலியைக் காயப்போட்ட மாதிரி இருக்கும்.

அபர்டீனிலிருந்து கிர்க்வாலுக்கு ஏடிஆர் விமானம், நம்ம மதுரை - சென்னைக்கு ஓடிய அதே விசிறி ரகம். ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். காபியும் டன்னாக்ஸ் கேரமல் வேஃபரும் கொடுத்தார்கள், சிவப்பும் தங்கமும் கோடு போட்ட காகிதத்தில் சுற்றியது. வீட்டுக்காரி தன்னுடையதைப் பிரிக்காமல் பேத்திக்கு என்று பையில் போட்டாள், என்னுடையதையும் வாங்கிப் போட்டாள். அவ்வளவுதான், இதில் ரெவ்யூ எழுத ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்துக்குப் போனது, டைம் போட்டவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

விஷயமே அடுத்த விமானத்தில்தான். பெயர் ஐலேண்டர். அதை விமானம் என்று சொல்ல முதலில் வாய் வரவில்லை. இறக்கை தலைக்கு மேலே, அதில் இரண்டு எஞ்சின், பக்கவாட்டில் கார் மாதிரி கதவுகள், நடுவில் நடக்கப் பாதையே கிடையாது, அவரவர் வரிசைக்கு அவரவர் கதவைத் திறந்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். பைலட்டையும் சேர்த்து ஒன்பது பேர். யார் எங்கே உட்காரணும் என்பதை எடை பார்த்து முடிவு பண்ணுகிறார்கள். ஷேர் ஆட்டோவில் டிரைவர் "அண்ணே நீங்க முன்னாடி வந்துருங்க, வண்டி சாயுது" என்பானே, அதே கணக்குதான், இங்கே கூச்சப்படாமல் கேட்கிறார்கள். என்னைப் பைலட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். முன்னால் இன்னொரு ஸ்டியரிங் இருக்கிறது, முழங்கால் இடித்துவிடுமோ என்று நான் காலை ஒடுக்கிக்கொண்டே இருந்தேன். பைலட் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். திரும்பி உட்கார்ந்து, பெல்ட் இப்படி, கதவு இப்படி என்று பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள், ஹெட்போனை மாட்டினாள், கிளம்பிவிட்டாள். கண்டக்டர் இல்லாத வண்டி.

சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் கீழே பாருங்கள், கடல் அத்தனை கிட்டத்தில், ஆடு மேய்வது தெரிகிறது, ஒருத்தர் கொடியில் துணி காயப்போடுவது தெரிகிறது. கால் மணி நேரத்துக்குள் வெஸ்ட்ரே. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு டீச்சரம்மா ஏறினார் (மடியில் நோட்டுக்கட்டு), உடனே கிளம்பி அடுத்தது பாப்பா வெஸ்ட்ரே. இதுதான் உலகத்திலேயே குறைந்த தூரம் பறக்கும் ரெகுலர் சர்வீஸ்: 2.7 கிலோமீட்டர். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி சிம்மக்கல் வழியாகக் கோரிப்பாளையத்தில் இறங்குகிற தூரம், ஏறக்குறைய. நம்ம விமான நிலையத்து ரன்வேயே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. டைம் டேபிளில் இரண்டு நிமிஷம் போட்டிருக்கிறது, காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 வினாடியில் முடித்த சாதனையும் உண்டு. பழக்க தோஷம், நான் வாட்சைப் பார்த்துக்கொண்டேன். தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை 1 நிமிஷம் 35 வினாடி. அந்தப் பெண் கையை ஒரு தடவை முன்னால் தள்ளினாள், ஒரு தடவை பின்னால் இழுத்தாள், நடுவில் எதையோ ஒரு சுற்றுச் சுற்றினாள், அதற்குள் கீழே புல். இறங்கியதும் இந்த ரூட்டில் பறந்தோம் என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார்கள். வீட்டுக்காரி கேட்டாள்: "ஏங்க, இதுக்குப் போயி சர்டிபிகேட்டா?" நம்ம ஊர் 34பி பஸ்ஸில் சித்திரைத் திருவிழா அன்று ஏறி இறங்கியவர்களுக்கு என்ன கொடுப்பது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஒரு சின்ன விஷயம். பாப்பா என்றதும் இது வெஸ்ட்ரேயின் குழந்தை, சின்ன வெஸ்ட்ரே போல என்றுதான் நாங்கள் நினைத்தோம். அர்த்தம் வேறாம். பழைய நார்ஸ் மொழியில் பாதிரியார்களின் தீவு. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாகப் பாப்பே என்கிறார்கள். அங்கே நேப் ஆஃப் ஹோவர் என்று கடலோரத்தில் இரண்டு கல் வீடுகள், ஐயாயிரம் வருஷத்துக்கும் மேலே பழசு, வடக்கு ஐரோப்பாவில் இன்னும் நிற்கிற வீடுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. கீழடிக் குழிகளை மேலே நின்று எட்டிப் பார்த்துப் பழகிய எனக்கு இங்கே வாசலுக்குள் குனிந்து போய் நிற்க முடிந்ததே பெரிய விஷயம். மற்றபடி தீவில் இருப்பது நூறு பேருக்கும் குறைவு.

நூறு பேருக்குக் குறைவான ஊருக்கு விமானம்! இங்கேதான் எனக்குப் பழைய பாவம் ஒன்று ஞாபகம் வந்தது. பேரையூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம், அங்கே ராத்திரி 9.40க்குப் போய் ஹால்ட் போட்டு விடியக்காலம் 4.50க்குக் கிளம்புகிற வண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. கலெக்ஷன் மோசம். கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்த்தால் டீசல் காசுக்கே வராது. "நைட் ஹால்ட் ரத்து செய்யலாம், காலை 7.15க்கு முதல் வண்டி போதுமானது" என்று பென்சிலால் எழுதி மேலே அனுப்பியவன் நான்தான். ஏழேகால் வண்டியில் ஏறினால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவார்கள், அதற்குள் விலை என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு பாட்டி கூடையோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். திட்டவில்லை. வாடின பிச்சிப்பூவை என் மேஜையில் ஒரு கை அள்ளி வைத்து, "இதைப் பார்த்து டைம் போடுங்கய்யா" என்றார். இரண்டு வருஷம் கழித்து வண்டியைத் திரும்ப விட்டோம். அதற்குள் அந்த ஊரில் பாதிப் பேர் பூச்செடி வைப்பதை விட்டுவிட்டார்கள்.

பாப்பா வெஸ்ட்ரேக்கு விமானம் ஓடுவது கலெக்ஷனால் கிடையாது. ஆர்க்னி கவுன்சில் தன் கையிலிருந்து பணம் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. கிளாஸ்கோவிலிருந்து பாரா, டைரீ, கேம்பல்டவுன் போகும் மூன்றுக்கும் ஸ்காட்லாந்து அரசின் பணம் வருகிறது. பொதுச் சேவைக் கடமை என்று இதற்குப் பெயர்: இந்த ஊருக்கு இத்தனை டிரிப், இத்தனை சீட், கட்டணம் இதற்கு மேல் கூடாது என்று அரசாங்கமே எழுதி, டெண்டர் விட்டு, விழுகிற பள்ளத்தை அடைத்துக் கொடுக்கிறது. இது போக, தீவுக்காரர்கள் பெருநகரங்களுக்குப் போக டிக்கெட் எடுத்தால் அடிப்படைக் கட்டணத்தில் 50 சதவீதம் தள்ளுபடி தரும் திட்டம் தனியாக இருக்கிறது. நம்ம மாதிரி சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்குக் கிடையாது, கொடுக்கவும் கூடாது. நம்ம ஊரிலும் உடான் என்று 2016ல் இதே மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், மானியம் மூன்று வருஷத்துக்கு. அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ணுகிற சிஏஜி 2023ல் கொடுத்த அறிக்கையில் பாருங்கள், ஒப்படைத்த 774 ரூட்டில் மூன்று வருஷத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது 54தான். எனக்கு ஆச்சரியமே இல்லை. மூன்று வருஷத்தில் சொந்தக் காலில் நிற்கிற ரூட்டாக இருந்தால் அதற்கு மானியமே தேவைப்பட்டிருக்காது. மலையடிவாரத்து வண்டி முப்பது வருஷம் ஓடினாலும் நஷ்டத்தில்தான் ஓடும்.

அப்புறம் பாரா. இதற்காகத் தனியாக கிளாஸ்கோ போனோம். ட்வின் ஆட்டர் என்கிற 19 சீட் விமானம். இறங்கும் இடம் கடற்கரை, ட்ராய் வோர் என்று பெயர். கடற்கரை ஓரத்தில் ரன்வே என்று நினைக்காதீர்கள், மணல்தான் ரன்வே. கடல் வற்றும்போது மணலில் இறங்குகிறது, கடல் ஏறும்போது ரன்வே தண்ணீருக்குள் போய்விடுகிறது. மூன்று ரன்வே இருக்கிறது, முக்கோணமாக, ஓரத்தில் மரக் கம்பம் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ற ரன்வேயில் இறங்குவார்கள். இப்படிக் கடல் ஏறி இறங்குகிற மணலில் ரெகுலர் சர்வீஸ் நடப்பது உலகத்திலேயே இங்கே மட்டும்தானாம். 1936லிருந்து நடக்கிறது.

டைம் போட்டவன் நெஞ்சு இங்கேதான் நின்றுபோனது. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குகிற நேரம், ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமிக்கு அதிகமாக ஏறும் இறங்கும், ஆக இந்த ரூட்டின் டைம் டேபிள் நிலாவைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. இன்றைக்குப் பத்தரை என்றால் அடுத்த வாரம் அதே நாளில் பத்தரை இருக்காது. நாங்களும் அமாவாசை பார்த்து டைம் போட்டிருக்கிறோம், சதுரகிரி ஸ்பெஷலுக்கு. அது மாதத்துக்கு இரண்டு தடவை, இவர்களுக்கு தினமும் சதுரகிரி. அந்த செக்ஷனில் உட்கார்ந்திருக்கும் ஆள் யாரோ, அவருக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுக்கணும் என்று தோன்றியது.

இறங்கும்போது சக்கரம் ஈர மணலைத் தொட்டதும் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் தெறித்தது. வீட்டுக்காரி என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது. வெளியே வந்து நின்றால் கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் பறக்கிறது. அது பறந்தால் விமானம் வருகிறது, கடற்கரையில் நடக்கக்கூடாது. இறக்கிவிட்டால் சிப்பி பொறுக்கலாம். லக்கேஜ் வாங்குகிற இடத்தைப் பார்த்ததும் சிரித்தேவிட்டேன், அச்சு அசல் நம்ம பஸ் ஸ்டாப் நிழற்குடை. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து அதற்குள் வைக்கிறார்கள், அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஸ்காட்லாந்து வரும் வழியில் நடுவில் மாறி ஏறிய ஒரு பெரிய கம்பெனி, அதன் பெயர் இங்கே எதற்கு, எங்கள் பெட்டி ஒன்றைத் தொலைத்துவிட்டு நான்கு நாள் கழித்துத்தான் கொடுத்தது, உள்ளே பருப்புப்பொடி பாக்கெட் வெடித்து என் வேட்டியெல்லாம் மஞ்சள். நிழற்குடை எவ்வளவோ மேல்.

குறை இல்லாமல் இல்லை. மேப்பை உற்றுப் பாருங்கள், எல்லாக் கோடும் உள்ளே வருகிறது, குறுக்கே போகிற கோடு கம்மி. பாராவில் இருப்பவர் ஆர்க்னிக்குப் போகணும் என்றால் கிளாஸ்கோ வந்து மாறித்தான் ஆகணும். உசிலம்பட்டிக்காரர் மேலூர் போக மதுரைக்கு வந்து மாறுகிற கதைதான், ஆனால் இங்கே மாறுகிற நேரம் சரியாக ஒத்து வராவிட்டால் ஒரு ராத்திரி லாட்ஜ் செலவு. இன்னொன்று, ஆர்க்னியின் குட்டி விமானங்கள் எல்லாம் கிர்க்வாலில்தான் அடைகின்றன, தீவில் நைட் ஹால்ட் கிடையாது, அதனால் காலையில் முதல் டிரிப் எப்போதுமே கிர்க்வாலிலிருந்து வெளியே போகிறது, தீவுக்காரர் டவுனுக்கு வர அது திரும்புகிற வரைக்கும் காத்திருக்கணும். கடல் காற்றில் ஒரு குட்டி விமானத்தை ராத்திரி வெட்டவெளியில் நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் பழைய வியாதி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாராவுக்கு முதலில் விமானத்தைப் புக் பண்ணிவிட்டு அப்புறம் தங்குகிற இடம் பாருங்கள், நேரம் கடலின் கையில் இருக்கிறது. ஆர்க்னிக்குள் ஓடும் குட்டி விமானத்துக்குப் பெரிய பெட்டி கொண்டுபோகாதீர்கள், அபர்டீனிலேயே விட்டுவிடுங்கள். அதில் சீட் எட்டுதான், டீச்சரும் டாக்டரும் போகிற வண்டி, கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. ஜூன் மாதம் என்று நம்பிப் போகாதீர்கள், ஸ்வெட்டர் கட்டாயம், மங்கி கேப் இருந்தால் வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு.

நட்சத்திரம் எத்தனை என்று மகள் கேட்டாள். நாலு. பாராவிலிருந்து வடக்கே பென்பெகுலாவுக்கு முன்பு ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது, கவுன்சில் காசு மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது படகில் எரிஸ்கே தீவுக்குப் போய், அங்கிருந்து கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட ரோட்டில் போகணும். அந்த ரூட்டை ரத்து செய்யலாம் என்று எழுதிய பென்சில்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த வண்டியைத் திரும்ப விட்டால் அஞ்சாவது நட்சத்திரத்தையும் போட்டுவிடலாம்.